பிணைச்சல்: பட்டத்தை விமானமாக்கிய சிறுபொருள்

சென்ற ஆண்டு கச்சான் காற்று தணிந்திருந்த ஒரு மாலைப்பொழுதில், களுவாஞ்சிக்குடிக் கடற்கரையில், ஒன்பதாம் தரத்தில் படிக்கும் என் மகள் வழிப் பேரன் தானே செய்த மாதிரி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டான். உடல் றெஜிபோம் பலகை. தமிழக வாசகர்கள் அதனைத் தெர்மோகோல் என்பார்கள். மூக்கில் சிறிய மின்மோட்டார், வயிற்றில் மின்கலம், கையில் வானொலிக் கட்டுப்பாட்டுப் பெட்டி. விமானம் எழுந்தது, ஒரு வட்டம் அடித்தது. பின்னர் உயரத்திலிருந்து வேகமாக இறங்கியபோது, வால் பகுதியிலிருந்து பட்டத்தில் கட்டிய விண் கூவுவது போன்ற ஒலி எழுந்தது. இரண்டு விநாடிகூட ஆகியிராது. வாலின் அசையும் தகடு பிய்ந்து பறந்தது. விமானம் மூக்குப்பட மணலில் விழுந்தது.

பேரன் அழவில்லை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "அம்மப்பா, விண் கட்டாமலே எப்படி விண் கூவினது?" என்று கேட்டான்.

பல்லாண்டுகள் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக் காலம் கழித்த எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னை ஒரு மிகச் சிறிய பொருளிடம் கொண்டுசேர்த்தது. நாங்கள் அதனைப் பிணைச்சல் என்போம். தமிழகத்தில் கீல் என்பார்கள். கதவிலும் பெட்டியிலும் நாம் நாளாந்தம் காணும் அதே பொருள்தான். மனிதன் பறந்த வரலாற்றில் அதற்குள்ள இடம் எவ்வளவு பெரியது என்பதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டத்திலிருந்து தொடங்கிய கதை

பட்டம் கட்டத் தெரிந்தவர்களுக்கு முச்சை என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. பட்டம் காற்றை எந்தச் சாய்வில் ஏற்கவேண்டும் என்பதை முச்சையே தீர்மானிக்கிறது. ஆனால் பட்டம் ஏறிய பின்னர் முச்சையை மாற்ற முடியாது. மாற்றவேண்டுமாயின் கீழே இறக்கி, அவிழ்த்து, மறுபடியும் கட்டவேண்டும். பறக்கும்போதே சாய்வை மாற்ற முடியுமா என்பதுதான் விமானத்தின் முதற் கேள்வி.

அக்கேள்விக்கு முதலில் விடை தேடியவர் இங்கிலாந்தின் யோக்ஷயர் பகுதியைச் சேர்ந்த சேர் ஜோர்ஜ் கேய்லி. 1799 ஆம் ஆண்டில் அவர் ஒரு சிறிய வெள்ளித் தகட்டில், அசையாத இறக்கையும் தனியான வாலும் கொண்ட பறக்கும் இயந்திரமொன்றின் படத்தைப் பொறித்து வைத்தார். அத்தகடு இன்றும் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1804 இல் அவர் ஒரு மாதிரியைச் செய்து பறக்கவிட்டார். அதன் இறக்கை வேறெதுவுமல்ல, சாதாரணமான ஒரு காகிதப் பட்டம்! நீண்ட கோலொன்றில் அந்தப் பட்டத்தைச் சற்றே சாய்த்துப் பொருத்தி, கோலின் பின்முனையில் சிலுவை வடிவான வாலொன்றை எத்திசையிலும் திரும்பக்கூடிய மூட்டினால் இணைத்தார். பட்டமும் பிணைச்சலும் சேர்ந்து உருவானதே உலகின் முதலாவது மாதிரி விமானம் எனலாம். முழு அளவு விமானம் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே மாதிரி விமானம் பிறந்துவிட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

அடுத்துப் பெயர் சொல்லவேண்டியவர் பிரான்சின் அல்போன்ஸ் பெனோ. 1871 ஆகஸ்ட் 18 ஆம் திகதி, பாரிசின் துய்லரி பூங்காவில், முறுக்கிய றப்பர் நாடாவின் விசையால் இயங்கிய அவரது மாதிரி விமானம் 11 விநாடிகளில் ஏறத்தாழ 60 மீற்றர் தூரம் பறந்தது. 1876 இல் அவர் பெற்ற காப்புரிமையில், வாலின் மேல்கீழ் அசைவையும் பக்க அசைவையும் ஒரே கைப்பிடியால் இயக்கும் ஏற்பாடு விவரிக்கப்பட்டிருந்தது. அதைச் செய்துபார்க்கப் பணம் தர எவரும் முன்வரவில்லை. மனமுடைந்த பெனோ 1880 இல், தமது முப்பதாவது வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பிணைச்சல் இல்லாத இறக்கை

பெனோவின் வழியில் செய்யப்பட்ட, றப்பர் நாடாவால் பறக்கும் விளையாட்டுப் பொருளொன்றை 1878 இல் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் இரு மகன்மாருக்கு வாங்கிவந்தார். அந்தச் சிறுவர்களே வில்பரும் ஓர்வில்லும். பின்னாளின் ரைட் சகோதரர்கள்.

விமானத்தின் பக்கச் சரிவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதே அவர்கள் எதிர்கொண்ட பெரும் சிக்கல். சைக்கிள் கடை நடத்திய வில்பர், ஒரு நாள் வெறும் அட்டைப்பெட்டியொன்றைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோது, இறக்கையையும் அவ்வாறே முறுக்கலாமே என எண்ணினார். 1899 இல் ஐந்தடி அகலமான ஒரு பட்டத்தில் அதனைச் சோதித்தார்கள். 1903 டிசம்பர் 17 ஆம் திகதி 12 விநாடிகளில் 120 அடி பறந்த அவர்களது விமானத்தின் இறக்கையில் பிணைச்சலே இல்லை. படுத்திருந்த விமானி தன் இடுப்பை அசைக்க, கம்பிகள் இழுபட்டு இறக்கை முழுவதுமே முறுகியது. வாலில் மட்டும் திரும்பும் சுக்கான் இருந்தது. 1902 இல் முதலில் அசையாதிருந்த அந்த வாலை அசையச் செய்யலாம் என யோசனை கூறியவர் ஓர்வில்.

சுக்கான் என்ற சொல்லைக் கவனியுங்கள். வள்ளத்தின் பின்புறத்தில் பிணைச்சலில் தொங்கும் சுக்கானும் விமானத்தின் வாலில் நிற்கும் சுக்கானும் ஒரே வேலையைச் செய்பவை. ஒன்று நீரைத் திருப்புகிறது. மற்றையது காற்றைத் திருப்புகிறது. வாவியையும் கடலையும் இருபுறமும் வைத்துக்கொண்டு வாழும் எம்மவருக்கு இது புதிய பாடமல்ல.

நீதிமன்றம் ஏறிய வழக்கு

இறக்கையை முறுக்குவதற்குப் பதிலாக, அதில் ஒரு சிறு தகட்டைப் பிணைச்சலில் மாட்டி அசைத்தால் என்ன? தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் குழுவினர் 1908 இல் அதையே செய்தார்கள். அக்குழுவைச் சேர்ந்த கிளென் கேர்ட்டிஸ், அவ்வாண்டு ஜூலை 4 ஆம் திகதி அத்தகைய தகடுகள் கொண்ட விமானத்தில் ஒரு கிலோமீற்றருக்கும் மேலாகப் பறந்து பரிசு பெற்றார். பிரெஞ்சு மொழியில் 'சின்னச் சிறகு' என்று பொருள்படும் ஐலெரான் என்னும் பெயர் அத்தகட்டுக்கு நிலைத்தது.

ரைட் சகோதரர்கள் விடவில்லை. முறுக்கினாலும் பிணைச்சலில் அசைத்தாலும் விளைவு ஒன்றே, ஆகவே அது தமது 1906 ஆம் ஆண்டுக் காப்புரிமைக்கு உட்பட்டதே என 1909 இல் வழக்குத் தொடுத்தார்கள். 1914 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அதைப் பார்க்க வில்பர் உயிரோடிருக்கவில்லை. 1912 இல் காய்ச்சல் கண்டு மறைந்துவிட்டார். இவ்வழக்குகளால் அமெரிக்க விமானத் தொழில் தேங்கிப்போக, ஐரோப்பா முந்திச் சென்றது. முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கா இறங்கிய 1917 இல், அரசின் வற்புறுத்தலினால் காப்புரிமைகள் அனைத்தும் பொதுவாக்கப்பட்ட பின்னரே பிணக்கு ஓய்ந்தது. இதில் வேடிக்கை என்னவெனில், ஐலெரானைப் போன்ற ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் மத்தியூ போல்ட்டன் என்பவர் 1868 இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். எல்லோரும் அதை மறந்துவிட்டிருந்தார்கள்.

இந்தப் பிணக்கின் நடுவே ஓர் உயிரும் போயிற்று. 1908 செப்டெம்பர் 17 ஆம் திகதி ஓர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில் தோமஸ் செல்பிரிட்ஜ் என்ற இளம் இராணுவ அதிகாரி பயணம் செய்தார். அவர் பெல்லின் குழுவைச் சேர்ந்தவர். உந்துவிசிறி வெடித்து, சுக்கானைத் தாங்கிய கம்பியை அறுத்தது. சுக்கான் நிலைகெட, விமானம் தலைகீழாக விழுந்தது. இயந்திர விமான விபத்தில் உலகில் முதன்முதலாக உயிரிழந்தவர் செல்பிரிட்ஜ்.

விண் கூவுதலின் மர்மம்

இனிப் பேரனின் கேள்விக்கு வருவோம். பட்டத்தின் விண் எவ்வாறு கூவுகிறது? வில்லாக வளைத்த குச்சியில் இழுத்துக் கட்டிய நாடா, காற்றுப்பட்டதும் துடிக்கிறது. காற்று நாடாவைத் தள்ளுகிறது. நாடாவின் இறுக்கம் திருப்பி இழுக்கிறது. அந்த அசைவே அடுத்த தள்ளலுக்கு வழிவிடுகிறது. காற்றிலிருந்து வலுவை எடுத்துக்கொண்டே துடிப்புத் தொடர்கிறது. விமானத்தின் அசையும் தகடு தளர்ந்திருந்தால் அதற்கும் இதுவே நேர்கிறது. பட்டத்தில் நாம் ஆசையோடு கட்டுகின்ற அதே துடிப்பு, விமானத்தில் எமனாகிறது. நாடாவைப் போலன்றி, தகடு ஒவ்வொரு துடிப்பிலும் மேலும் மேலும் விரிந்து, ஓரிரு விநாடிகளில் பிய்ந்துவிடும். விமானப் பொறியியலார் இதனைப் ஃபிளட்டர் என அழைக்கிறார்கள்.

1916 இல் பிரித்தானியாவின் ஹாண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் இவ்வாறு கடுமையாகத் துடித்தபோது, பொறியியலாளர் லான்செஸ்டர் அதன் காரணத்தைக் கண்டறிந்தார். வாலின் இடப்பக்க, வலப்பக்க எலிவேட்டர்கள் (மேலும் கீழும் அசையும் தகடுகள்) உறுதியாக இணைக்கப்படாமல் தனித்தனிக் கம்பிகளில் இயங்கியமையே குறை. இரண்டையும் ஒரு குழாயினால் இணைக்குமாறு அவர் கூறினார். 1922 இல் நெதர்லாந்தில் போன் பௌம்ஹவர், கோனிங் என்னும் இருவர் இன்னொரு மருந்தைக் கண்டார்கள். பிணைச்சலுக்குப் பின்னால் உள்ள பாரத்தைச் சமன்செய்ய, அதற்கு முன்னால் சிறு எடையொன்றைப் பொருத்துவதே அது.

தகடு எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. 1947 இல் தொடங்கப்பட்ட எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானங்களான டக்கோட்டாக்களைப் பலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். உடலும் இறக்கையும் அலுமினியம். ஆனால் சுக்கானும் எலிவேட்டரும் ஐலெரானும் மட்டும் உலோகச் சட்டத்தின்மீது துணி போர்த்தவை. துணிவிமானக் காலம் முடிந்த பின்னரும் பிணைச்சலுக்குப் பின்னால் துணி நீடித்ததற்குக் காரணம் இந்தப் பாரக்கணக்கே.

எங்கள் வானம்

மட்டக்களப்பு மக்களுக்கு விமானம் முதலில் அறிமுகமானது பயணத்துக்காக அன்று. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதலுக்குத் தப்பும்பொருட்டு முந்தைய இரவு துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்றிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் கண்டறியப்பட்டது. அதில் அன்று ஒரு விமானம்கூட இருக்கவில்லை. அனுப்பப்பட்ட 85 குண்டுவீச்சு விமானங்களுள் பல ஒன்றன்பின் ஒன்றாகச் செங்குத்தாகப் பாய்ந்து அதனை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். அந்த விமானங்களின் இறக்கைக்குக் கீழே, பாயும் வேகத்தைக் கட்டுப்படுத்தவென அச்சில் திரும்பும் தடுப்புத் தகடுகள் இருந்தன. பறத்தலை வழிப்படுத்தவென வந்த சிறு தகடு, கொலையையும் குறிதவறாமல் வழிப்படுத்தியது. ஹேர்மிஸ் இன்றும் எமது கடலடியிலேயே கிடக்கிறது.

மட்டக்களப்பு விமான நிலையம் 1958 இல் திறக்கப்பட்டு, 1983 இல் விமானப்படை வசமானது. அதன் பின்னர் வந்த காலத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. வானில் ஓசை கேட்டால் அண்ணாந்து பார்ப்பதற்குப் பதிலாகப் பதுங்க இடம் தேடிய தலைமுறை எம்முடையது. மாதிரி விமானம் செய்யும் ஆசை அன்று எமது பிள்ளைகளுக்கு இருந்திருந்தாலும், மின்கலமும் கம்பியும் வானொலிப் பெட்டியும் வைத்திருந்த பிள்ளையை எந்தத் தாய்தான் வெளியே அனுப்பியிருப்பாள்? யுத்தம் 2009 இல் முடிந்தது. 2018 இல் விமான நிலையமும் உள்நாட்டுப் பயணிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. வாலிலிருந்து வந்த ஒலியைக் கேட்டுப் பயப்படாமல், அது ஏன் என்று கேட்கின்ற ஒரு பேரன் எனக்கு வாய்த்திருக்கிறான். ஆகையால் அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

நூலிலிருந்து ஒட்டுப்பசை வரை

வானொலியால் இயங்கும் மாதிரி விமானத்தில் முன்னோடிகளெனப் போற்றப்படுபவர்கள் அமெரிக்காவின் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள். 1937 இல் அவர்கள் பறக்கவிட்ட 'கஃப்' என்னும் மாதிரி, இன்று வொஷிங்டன் வானூர்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொடக்ககால மாதிரிகள் பலவற்றில் சுக்கானைத் திருப்பியது முறுக்கிய றப்பர் நாடாவே. வானொலிச் சைகை அதை அவிழ்த்துவிடும் வேலையை மட்டும் செய்தது. நாடாவின் வலு அற்பமானது. எனவே பிணைச்சல் சிறிதும் உராயக்கூடாது. தையல் நூலை எட்டு வடிவில் மாறிமாறிக் கோத்துத் தகட்டைத் தைத்தார்கள். சிலர் துணிநாடாவை ஒட்டினார்கள். பின்னர் வலுவான சேர்வோ மோட்டார்கள் வந்தன. விமானங்களின் வேகம் கூடியது. நூலின் இடத்தை, நடுவே கம்பி கோத்த நைலோன் பிணைச்சல்கள் பிடித்தன.

சுப்பர் குளூ எனப்படும் ஒட்டுப்பசையின் கதையும் இங்கு வந்து சேர்கிறது. ஹேர்மிஸ் மூழ்கிய அதே 1942 இல், துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய கொடாக் நிறுவன ஆய்வாளர் ஹரி கூவர் அப்பதார்த்தத்தைக் கண்டார். எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு தொல்லை தந்ததால் ஒதுக்கிவைத்தார். 1958 இல் அதுவே பசையாகச் சந்தைக்கு வந்தது. இன்று சிறிய, நடுத்தர மாதிரி விமானங்கள் பெரும்பாலானவற்றில், அந்தப் பசையை உறிஞ்சிக்கொள்ளும் மெல்லிய இழைத்தகடே பிணைச்சலாக இருக்கிறது.

எதைத் தெரிவு செய்வது? றெஜிபோம் விமானத்துக்குத் தகட்டின் முன்விளிம்பைச் சாய்வாகச் சீவி, நீளம் முழுவதும் நல்ல ஒட்டுநாடா ஒட்டினால் போதும். பல்சா மரத்தில் செய்த நடுத்தர விமானத்துக்கு இழைத்தகடு உகந்தது. பெரிய, வேகமான விமானத்துக்குக் கம்பி கோத்த நைலோன் பிணைச்சலோ, துளையிட்டுச் செருகும் முளைப்பிணைச்சலோ வேண்டும்.

பொருத்துவதில் கவனிக்கவேண்டியவை சில. இறக்கையின் விளிம்பிலும் தகட்டின் விளிம்பிலும் நடுக்கோட்டைப் பென்சிலால் அடையாளமிட்டு, அக்கோட்டிலேயே கூரிய கத்தியால் பிளவு இடவேண்டும். தகடு இருபுறமும் திரும்ப இடம் கிடைக்கும்படி அதன் முன்விளிம்பை ஆப்பு வடிவில் சீவவேண்டும். இழைத்தகட்டில் பாதி இறக்கைக்குள்ளும் பாதி தகட்டுக்குள்ளும் இருக்கச் செருகி, இடைவெளியை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக வைத்து, நீர்போன்ற பசையை இருபுறமும் சில துளிகள் விட்டு, காயும்வரை அசைக்காதிருக்க வேண்டும். நைலோன் பிணைச்சலாயின், பசை மூட்டுக்குள் புகாதவாறு அம்மூட்டில் மட்டும் சிறிது வாஸ்லீன் தடவிக்கொள்வது வழக்கம். காய்ந்த பின்னர் தகட்டைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்க்கவேண்டும். கையில் பிய்வது காற்றில் பிய்வதிலும் மேல்.

தகடொன்றுக்குக் குறைந்தது மூன்று பிணைச்சல்கள் வைப்பது நல்லது. அவற்றுள் ஒன்று, சேர்வோவின் கம்பி தகட்டைத் தள்ளும் இடத்துக்கு அருகில் இருக்கவேண்டும். எங்கள் ஊர்த் தச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "ரெண்டு பிணைச்சல் எப்படி வைத்தாலும் ஒரு கோட்டிலதான் நிற்கும். மூன்றாவது வைக்கும்போதுதான் பிழை தெரியவரும்" என்றார். கதவுக்கும் விமானத்துக்கும் விதி ஒன்றே.

பேரனின் விமானத்தைத் தூக்கிப் பார்த்தேன். தகட்டின் இரண்டு முனைகளிலும் மட்டும் ஒட்டுநாடாத் துண்டுகள், நடுவே ஒன்றுமில்லை. சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. சேர்வோவின் கம்பியும் தளர்ந்து ஆடியது. விண் கூவியதில் வியப்பில்லை.

முடிவாகச் சில வார்த்தைகள்

சென்னைக் குரோம்பேட்டையில் 1949 இல் நிறுவப்பட்ட எம்.ஐ.டி. வளாகத்தில், மாணவர் பார்வைக்கென வைக்கப்பட்டிருந்த, பறக்காத இரண்டு பழைய விமானங்களின் முன்னால் நீண்ட நேரம் நின்றதே தம்மை வானூர்திப் பொறியியலின்பால் இழுத்தது என அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். அதே நிறுவனத்தின் தக்ஷா மாணவர் குழு, 2018 இல் அவுஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. மாதிரி விமானப் பிரியரான நடிகர் அஜித் குமார் அக்குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். தொட்டுப் பார்க்க ஒரு விமானம் கிடைத்தால் பிள்ளைகள் எதுவரை செல்வார்கள் என்பதற்கு இவை சான்று.

எமது கரையோரப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கவேண்டும். சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளை முதலில் அறிந்துகொள்ளட்டும். ஆளில்லாத வெளியில் பறக்கவிடட்டும். பெரியவர் ஒருவர் அருகில் நிற்கட்டும். விழுந்து உடைந்தால் ஏசாதீர்கள். ஏன் உடைந்தது என்று கேளுங்கள்.

பேரன் புதிய வாலொன்றைச் செய்திருக்கிறான். நாடாவைத் தகட்டின் நீளம் முழுவதும் ஒட்டி, மறுபுறத்திலும் மூன்று இடங்களில் ஒட்டியிருக்கிறான். சென்ற வாரம் அதே கடற்கரையில், அதே உயரத்திலிருந்து அதைப் பாயவிட்டான். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மோட்டாரின் இரைச்சலும் அலையின் ஓசையும் மட்டுமே கேட்டன.